எம் பிள்ளைக்குப் போராட யார் இருக்கிறார்கள்?

(மே தினத்தையொட்டி மும்பையில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் மே தினத்தன்று இந்த மேடையில் நாம் சிகாகோ நகரத்தின் பெயரைச் சொல்கிறோம். 1886ஆம் ஆண்டு எட்டு மணி நேர வேலை கேட்டு அந்நகரத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதையும், ஹேமார்க்கெட் சதுக்கத்தில் ரத்தம் சிந்தியதையும், தலைவர்கள் தூக்கு மேடை ஏறியதையும் நினைவுகூர்கிறோம். 1923ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லிவிட்டுக் கொடியை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த நகரத்தில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நாம் கேட்டதில்லை.

இந்த ஆண்டு அதே சிகாகோ நகரத்தின் பள்ளிக்கூட ஆசிரியர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் குடியிருக்கும் நமக்கும் அமெரிக்க ஆசிரியருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு தாய் எங்களிடம் கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் அவ்வளவு தூரம் போக வேண்டியதாயிற்று.

2023 மார்ச் 14ஆம் தேதி மகாராஷ்டிர அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பழைய ஓய்வூதியத் திட்டத்தைக் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 20ஆம் தேதி அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஒரு வாரத்தில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு தாய், பள்ளி மூடிக் கிடக்கிறது என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் அந்தப் பெண் குழந்தைக்குப் பள்ளியில் காய்ச்சல் கண்டு, கவனிக்க ஆளில்லாமல் பெஞ்சிலேயே மாலை வரை சுருண்டு கிடந்திருக்கிறாள். அந்த வகுப்பில் அறுபது பிள்ளைகள். ஒரே ஆசிரியை. அவர்தான் என்ன செய்வார்?

அந்தத் தாய் கோபமாகக் கேட்கவில்லை. நிதானமாகத்தான் கேட்டார். "அவிய பென்சனுக்குப் போராடுதாவ, போராடட்டும். எம் புள்ளைக்குப் போராட யாருய்யா இருக்கா?"

அன்றைக்கு எங்களால் விடை சொல்ல முடியவில்லை. மோர் கொடுத்து உட்கார வைத்தோம், அவ்வளவுதான். அந்தக் கேள்வி மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

நம் மக்களிடையே இதற்கு இரண்டு விடைகள் உலவுகின்றன. ஒன்று, "வாத்தியார்களுக்கு என்ன குறை? கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு கொடி பிடிக்கிறார்கள்" என்பது. மற்றொன்று, "தொழிற்சங்கம் என்றால் தொழிற்சங்கம்தான், அதைக் கேள்வி கேட்பது தொழிலாளர் ஒற்றுமையைக் குலைப்பது" என்பது. இரண்டையுமே நாங்கள் ஏற்கவில்லை. 2005 நவம்பர் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஆசிரியருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றாக்கப்பட்டது. முதுமையில் சோற்றுக்கு வழி கேட்பது பேராசை அல்ல. ஓய்வூதியம் என்ற ஒன்றையே கண்டிராத நமக்கு அதன் அருமை மற்றவரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்தத் தாயின் கேள்வியும் நியாயமானது. ஆசிரியர் சங்கம் ஏழைப் பிள்ளைக்காகவும் போராட முடியுமா? எப்போது முடியும்? எதனால் முடியும்? இதற்கான விடையைத்தான் சிகாகோவில் பார்த்தோம்.

வந்தேறிகளின் நகரம்

சிகாகோ பிழைக்க வந்தவர்கள் கட்டிய நகரம். போலந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்கள் அங்கே இறைச்சி ஆலைகளிலும் இரும்பு ஆலைகளிலும் உழைத்தார்கள். பின்னால் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து கறுப்பின மக்கள் ரயிலேறி வந்தார்கள். அதற்குப் பிறகு மெக்சிகோ மக்கள். நாம் திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயிலேறி வந்து, தோல் பதனிடும் கிடங்குகளிலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் உடம்பைத் தேய்த்தது போலத்தான். வந்த ஊரின் மொழி வேறு, வீட்டு மொழி வேறு. வாடகைக்கு ஓர் அறை. பிள்ளைகளுக்குக் கிடைத்தது நெரிசலான பள்ளிக்கூடம்.

இறைச்சி ஆலைகள் நிறைந்த ஸ்டாக்யார்ட்ஸ் பகுதியில் அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில் பாடம் நடத்தியவர் மார்கரெட் ஹேலி என்ற ஆசிரியை. ஒரு வகுப்பில் ஐம்பது, அறுபது பிள்ளைகள். 1897ஆம் ஆண்டு அந்நகரத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் சேர்ந்து சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஹேலி அதன் முன்னணித் தலைவரானார். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920ல்தான். அதாவது, வாக்குச் சீட்டு இல்லாத பெண்கள் கட்டிய சங்கம் அது.

ஆசிரியைகள் சம்பள உயர்வு கேட்டார்கள். கல்வி வாரியம் பணமில்லை என்று கையை விரித்தது. வழக்கமான சங்கமாக இருந்தால் இரண்டு ஊர்வலம் போய்விட்டுத் திரும்பியிருக்கும். ஹேலியும் அவரது தோழியர் கேத்தரின் கோகினும் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: பணம் ஏன் இல்லை? வரிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். எரிவாயு, மின்சாரம், டிராம் வண்டி நடத்தும் பெரிய கம்பெனிகள் நகரத்தின் தெருக்களைப் பயன்படுத்தும் உரிமைக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் இருந்தது தெரியவந்தது. வழக்குப் போட்டார்கள். 1901ல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் டாலர் நகரத்தின் கருவூலத்துக்கு வந்து சேர்ந்தது.

தோழர்களே, இங்கே ஒரு கணம் நின்று யோசியுங்கள். அந்த ஆசிரியைகள் தங்கள் சம்பளத்துக்காகத்தான் கிளம்பினார்கள். ஆனால் "பணக்காரன் கட்டாத வரிதான் ஏழைப் பிள்ளையின் பள்ளியைப் பாழாக்குகிறது" என்ற உண்மையை ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். 1902ல் அவர்கள் கசாப்புத் தொழிலாளியும் தச்சரும் இருந்த நகரத் தொழிலாளர் சம்மேளனத்தில் சேர்ந்தார்கள். "கௌரவமான ஆசிரியைகள் கூலிக்காரர்களோடு சேரலாமா" என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கூலிக்காரர்களின் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள் என்பதே அவர்களின் நிலை.

அதிகாரம் சும்மா இருக்குமா? ஆசிரியர்கள் சங்கத்தில் சேரக் கூடாது என்று 1915ல் கல்வி வாரியம் விதி போட்டது. அடுத்த ஆண்டு 68 ஆசிரியர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேல் சங்கத்தவர்கள். அதே 1916ல்தான் அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் பிறந்தது. அதன் முதல் எண் கிளை சிகாகோ.

தன் வீட்டுக்குள் இருந்த அநீதி

சங்கத்தின் பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது உரையாகாது, துதியாகிவிடும். அதன் கறையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு காலத்தில் அந்தச் சம்மேளனத்திலேயே தென் மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை என்று இருந்தது. நம் ஊரில் இரட்டைக் குவளை இருந்தது போல. 1954ல் பள்ளிகளில் நிறவெறிப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், பிரிவினைக்கு எதிராக மனுக் கொடுத்தது இந்தச் சம்மேளனம். கோர்ட்டில் ஒரு பேச்சு, சங்கத்தில் ஒரு நடப்பு என்று இருக்க முடியாதல்லவா? பிரிவினையைக் கைவிட மறுத்த கிளைகளை 1950களின் இறுதிக்குள் வெளியேற்றியது. அதனால் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களை இழந்தது. சந்தா போனாலும் பரவாயில்லை, சாதி வேண்டாம் என்று ஒரு சங்கம் முடிவெடுத்த நாள் அது.

சிகாகோவிலோ அநீதி வேறு வடிவத்தில் இருந்தது. 1960களில் அங்கே கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று இரண்டு ஷிப்டு நடந்தது. மும்பையில் ஷிப்டுப் பள்ளி பார்த்த நமக்கு அது புதிதல்ல. பக்கத்து வெள்ளையர் பள்ளிகளில் இடம் இருந்தும் அங்கே சேர்க்காமல், மைதானத்தில் அலுமினிய வண்டிப் பெட்டிகளை நிறுத்தி அதற்குள் வகுப்பு நடத்தினார்கள். 1963 அக்டோபர் 22ஆம் தேதி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஆல் ராபி ஓர் ஆசிரியர்.

அதே காலத்தில் கறுப்பின ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் நிரந்தர ஆசிரியராக முடியாமல் "முழுநேரப் பதிலி ஆசிரியர்" என்ற பெயரில் ஆண்டுக் கணக்கில் வைக்கப்பட்டிருந்தார்கள். அதே வகுப்பு, அதே பாடம், அதே வேலை. சம்பளம் மட்டும் குறைவு; வேலைக்கு உத்தரவாதமில்லை. எழுத்துத் தேர்வில் தேறினாலும் வாய்மொழித் தேர்வில் தள்ளிவிடுவார்கள். பேச்சில் தென் மாநில வாடை அடிக்கிறது என்பதும் ஒரு காரணம்! நம் பிள்ளை பேசும் மராத்தியில் தமிழ் வாடை அடிக்கிறது என்று சிரித்தவர்களைப் பார்த்தவர்கள்தானே நாம்? சங்கத்திலும் அந்தப் பதிலி ஆசிரியர்களுக்கு முழு வாக்குரிமை இல்லை. 1968ல் அவர்கள் சங்கத்தைக் கேட்காமலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகே சங்கம் விழித்து, அவர்களை நிரந்தரமாக்கும் கோரிக்கையைத் தன் கோரிக்கையாக எடுத்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? தன் வீட்டுக்குள் நியாயம் செய்யாத சங்கம் வகுப்பறைக்கு நியாயம் கேட்க முடியாது. ஒப்பந்த ஆசிரியரையும், மணிக் கணக்குச் சம்பளத்துக்கு வருபவரையும் வெளியே நிறுத்திவிட்டு நிரந்தர ஆசிரியர் மட்டும் பேசினால், அந்தப் பேச்சில் நம் பிள்ளையின் பெயர் வராது. ஏனெனில் நம் பிள்ளையின் வகுப்புக்கு வருபவர் பெரும்பாலும் அந்த ஒப்பந்த ஆசிரியர்தான்.

அதே 1968ல் நியூயார்க்கில் இன்னொரு துயரம் நடந்தது. ஓஷன்ஹில் பிரவுன்ஸ்வில் என்ற பகுதியில் கறுப்பினப் பெற்றோர் தங்கள் பள்ளி நிர்வாகம் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த நிர்வாகம் சில ஆசிரியர்களை மாற்றியதும், சங்கம் நகரம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. ஆசிரியரின் வேலைப் பாதுகாப்பு ஒரு நியாயம். பெற்றோரின் உரிமை ஒரு நியாயம். இரண்டும் மோதியதில் லாபம் அடைந்தது யார்? பள்ளிக்குப் பணம் கொடுக்காத அரசாங்கம்தான். அந்தக் காயம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆயின.

சம்பளத்துக்கு மேல் ஒரு கோரிக்கை

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2010ல் சிகாகோ ஆசிரியர் சங்கத் தேர்தலில் சாதாரண ஆசிரியர்களின் அணி ஒன்று வென்றது. வேதியியல் ஆசிரியையான கேரன் லூயிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி தலைவரானார். அவர்கள் பதவிக்கு வருவதற்கு முன்பே பள்ளி மூடல்களை எதிர்த்துப் பெற்றோர்களோடு தெருவில் நின்றவர்கள்.

அவர்களை முடக்க ஒரு சட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. 1995 முதல் சிகாகோ ஆசிரியர்கள் சம்பளம், சலுகைகள் ஆகியவற்றைப் பற்றித்தான் கட்டாயமாகப் பேச முடியும். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதைப் பேசலாமா வேண்டாமா என்பது நிர்வாகத்தின் விருப்பம். அதற்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. இந்தச் சூழ்ச்சியைக் கவனியுங்கள். "உனக்குக் காசு மட்டும் கேள், பிள்ளைகளுக்கு எதுவும் கேட்காதே" என்று சட்டம் போட்டுவிட்டு, பிறகு "பார், வாத்தியார் காசுக்குத்தான் போராடுகிறான்" என்று ஊரெல்லாம் பேசுவது! 2011ல் இன்னொரு சட்டமும் வந்தது. மொத்த உறுப்பினரில் 75 சதவீதம் பேர் வாக்களித்தால்தான் வேலைநிறுத்தம். அது நடக்கவே நடக்காது என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் நம்பினார்கள்.

சங்கம் என்ன செய்தது? 2012 பிப்ரவரியில், சிகாகோ மாணவர்களுக்கு எப்படிப்பட்ட பள்ளிகள் தகும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் சம்பளப் பேச்சு முன்னால் நிற்கவில்லை. சிறிய வகுப்புகள், நூலகம், இசை, ஓவியம், விளையாட்டு, செவிலியர், சமூகப் பணியாளர், இருமொழிக் கல்வி, இவை ஏன் பணக்காரப் பிள்ளைக்கு மட்டும்? இதுதான் அதன் கேள்வி. பள்ளிக்குப் பள்ளி ஆசிரியர் குழு அமைத்தார்கள். அந்தக் குழுக்கள் பெற்றோரிடம் போய்ப் பேசின. ஜூன் மாதம் வாக்கெடுப்பு நடந்தது. 75 கேட்ட சட்டத்துக்கு ஏறத்தாழ 90 சதவீதம் உறுப்பினர்கள் சம்மதம் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 10ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் ஏழு பள்ளி நாட்கள் நடந்தது. சுமார் 26,000 பேர் சிவப்புச் சட்டை அணிந்து தெருவில் நின்றார்கள். பெற்றோர் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அரசுப் பள்ளிப் பெற்றோரில் பெரும்பான்மையினர் ஆசிரியர் பக்கம் நின்றார்கள். முடிவில் கிடைத்தவற்றில் ஒன்றைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: பள்ளி திறக்கும் நாளிலேயே பாடப் புத்தகம் கொடுக்க வேண்டும்! பணக்கார நாட்டிலும் ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் நேரத்துக்கு வருவதில்லை, ஆசிரியர் போராடித்தான் வர வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெற்றிக்குப் பின் அடி விழுந்தது. 2013 மே மாதம் சுமார் 50 பள்ளிகளை மூடக் கல்வி வாரியம் முடிவு செய்தது. பிள்ளைகள் குறைவு என்று காரணம் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். சங்கமும் பெற்றோரும் மூன்று நாள் நகரத்தின் குறுக்கே நடந்தார்கள். தடுக்க முடியவில்லை. ஆனால் அந்த உறவு அறுந்துபோகவில்லை. 2015ல் டயட் உயர்நிலைப் பள்ளியைக் காப்பாற்றப் பெற்றோரும் சமூகத்தினருமாக 12 பேர் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சங்கம் துணை நின்றது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி திறந்தது.

பிறகு 2019. அக்டோபர் 17 முதல் 31 வரை 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம். பள்ளித் துப்புரவாளர், ஆயா முதலிய ஊழியர்களின் சங்கமும் கூடவே இறங்கியது. அந்த நகரத்துப் பள்ளிகளில் நிலையான வீடு இல்லாத பிள்ளைகள் 16,000க்கும் மேல். வீடில்லாப் பிள்ளைக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று ஆசிரியர் சங்கம் கேட்டது. வீட்டுப் பிரச்சினைக்கும் ஆசிரியர் ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நகர மேயர் கேட்டார். ராத்திரி படுக்க இடமில்லாத பிள்ளை காலையில் கணக்குப் போடுமா என்று ஆசிரியர்கள் திருப்பிக் கேட்டார்கள். புல்டோசர் வந்த மறுநாள் புத்தகப் பையைத் தேடிய பிள்ளைகளைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிடைத்தது என்ன? ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் காலத்துக்குள், 2023க்குள், ஒவ்வொரு பள்ளிக்கும் தினமும் ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர் என்று எழுதி வாங்கினார்கள். நெரிசலான வகுப்புகளைக் குறைக்க ஆண்டுக்கு 35 மில்லியன் டாலர், அதாவது மூன்றரைக் கோடி டாலர். வீடில்லாப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளில் அவர்களுக்கென்றே ஊழியர். குடியுரிமைக் காகிதம் பார்க்கும் அதிகாரிகள் நீதிமன்ற ஆணை இல்லாமல் பள்ளிக்குள் நுழைய முடியாது என்ற விதி. எழுதியதெல்லாம் மறுநாளே நடந்துவிடவில்லை. ஆனால் காகிதத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குவது வேறு, காகிதத்திலேயே இல்லாததைக் கெஞ்சிக் கேட்பது வேறு. அந்த 11 நாளில் ஐந்து நாளை மட்டுமே ஈடுசெய்ய விட்டார்கள். மற்ற நாட்களின் சம்பளத்தை ஆசிரியர்கள் இழந்தார்கள். அடுத்தவர் பிள்ளைக்குச் செவிலியர் கேட்டுச் சொந்தச் சம்பளத்தை இழந்தவர்களைச் சுயநலக்காரர் என்று யார் சொல்வார்கள்?

வாயை அடைத்திருந்த அந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத் தடையும் 2021ல் நீக்கப்பட்டது.

நம் தெருவில் என்ன செய்வது?

சிகாகோவைச் சுற்றிக் காட்டிவிட்டோம். இனி நம் தெருவுக்கு வருவோம்.

அங்கே ஆசிரியர் சங்கம் எப்படி ஏழைப் பிள்ளையின் சங்கமானது? தலைவர்கள் நல்லவர்களாக இருந்ததால் மட்டும் அல்ல. பணம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். தன் வீட்டுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை ஒழித்தார்கள். கோரிக்கைப் பட்டியல் எழுதும்போதே பெற்றோரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இந்த மூன்றாவதுதான் முக்கியம். பெற்றோர் பக்கத்தில் இருந்தபோது சங்கம் வென்றது. பெற்றோருக்கு எதிரே நின்றபோது இருவரும் தோற்றார்கள்.

ஆகவே அந்தத் தாயின் கேள்வியை ஆசிரியர்களிடம் மட்டும் கேட்பது நியாயமல்ல. நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியர் சங்கத்தின் வாசல்படியை நாம் என்றைக்காவது மிதித்திருக்கிறோமா? எங்கள் பிள்ளைக்கு இது வேண்டும், உங்கள் பட்டியலில் சேருங்கள் என்று ஒரு மனுவாவது கொடுத்திருக்கிறோமா? வேலைநிறுத்தம் என்றதும் திட்டினோம், முடிந்ததும் மறந்தோம்.

கேட்பதற்கு நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது பொருந்தும். ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றும் மறுக்கக் கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. அறுபது பிள்ளைகளோடு அல்லாடிய அந்த ஆசிரியைக்கு இந்த விதி கிடைத்தால், அது அவருக்கும் நன்மை, நம் பிள்ளைக்கும் நன்மை. ஆசிரியரின் வேலைச் சுமையும் பிள்ளையின் படிப்பும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள்.

இன்னும் கேளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் நிர்வாகக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? அரைநாள் கூலி போகும் என்பது எங்களுக்குத் தெரியும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ வைக்கச் சொல்லலாம். அதையும் கேட்டால்தான் கிடைக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ், தெலுங்கு, கன்னடத்திலும் பள்ளி நடத்தி வந்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956 முதல் அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. ஆனால் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று வகுப்புகள் சுருங்குகின்றன. ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை; ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகளும் விலகுகிறார்கள். தமிழ் ஆசிரியரின் காலியிடம் ஆசிரியர் சங்கத்தின் கவலை. தமிழ்ப் பிள்ளையின் வகுப்பு நம் கவலை. இரண்டு கவலையும் ஒன்றுதான் என்பதை இருவருமே இன்னும் உணரவில்லை. மராத்திப் பள்ளிகளுக்கும் அதே கதிதான். 2023ல் குறைந்த பிள்ளைகள் உள்ள கிராமப் பள்ளிகளை ஒன்றாக இணைக்கும் திட்டத்தை மாநில அரசு பேசியபோது, எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஆசிரியர் சங்கங்களும் உண்டு. எனவே இது தமிழர் தனியே நின்று கேட்கும் கோரிக்கை அல்ல. மராத்தித் தாயும் உருதுத் தாயும் நம் பக்கத்தில் நிற்க வேண்டிய கோரிக்கை.

எங்கள் கல்விக் குழு மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறது. ஒன்று, நம் தெருவுக்குத் தெரு, எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், கழிப்பறை உண்டா, குடிநீர் உண்டா என்று நாமே கணக்கெடுப்போம். ஹேலி அம்மையார் கணக்குப் புத்தகத்தைத் திறந்துதான் போரைத் தொடங்கினார். இரண்டு, அந்தக் கணக்கோடு ஆசிரியர் சங்கங்களிடம் தாய்மார்களின் தூதுக்குழு ஒன்று போகட்டும். உங்கள் ஓய்வூதியத்துக்கு நாங்கள் குரல் கொடுக்கிறோம். எங்கள் பிள்ளையின் செவிலியருக்கும் வகுப்பறைக்கும் நீங்கள் குரல் கொடுங்கள் என்று கேட்கட்டும். மூன்று, அடுத்த முறை வேலைநிறுத்தம் வந்தால், முதல் நாளே கோரிக்கைப் பட்டியலை வாங்கிப் படிப்போம். அதில் பிள்ளைகள் இருந்தால் இந்தச் சங்க மண்டபத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சோறும் பாடமும் நடத்தி ஆசிரியருக்குத் துணை நிற்போம். பிள்ளைகள் இல்லாவிட்டால், சேர்க்கச் சொல்லி அவர்கள் வாசலில் போய் நிற்போம்.

அந்தத் தாய் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அம்மா, உங்கள் கேள்விக்கு அன்றைக்குச் சொல்ல முடியாத விடையை இன்று சொல்கிறோம். உங்கள் பிள்ளைக்குப் போராட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைத் தனியே விட்டால் அவர்கள் தங்களுக்கு மட்டும்தான் போராடுவார்கள். நீங்களும் நாங்களும் பக்கத்தில் போய் நின்றால், உங்கள் பிள்ளைக்கும் போராடுவார்கள். தூதுக்குழுவின் முதல் பெயராக உங்கள் பெயரை எழுத அனுமதி கேட்கிறோம்.